தாய்மாமன் மடி

நான் பிளம்பர். காஞ்சிபுரத்தில் பாதி லாட்ஜுகளின் கக்கூஸ் அடைப்பை எடுத்தவன். நாற்றம் எனக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட நானே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற இடம் ஒன்று உண்டென்றால், அது என் மச்சினன் ராமராஜன் குடியிருக்கும் இடம்தான். அவன் குடியிருப்பது லாரியில்.

தங்க இடமில்லாமல் இல்லை. திருப்புட்குழியில் எங்கள் வீட்டிலேயே அவனுக்கென்று ஒரு அறை இருக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று ராத்திரி அதில் படுத்தால் அதிகம். மிச்ச நாளெல்லாம் புனேவுக்கும் ஒரகடத்துக்கும் நடுவே அந்தக் கேபினுக்குள்தான் சமையல், சாப்பாடு, தூக்கம். பேச்சுத்துணைக்கு ஒரு கிளீனர்கூடக் கிடையாது. கிளீனர் வீண் செலவென்று ஓனர் நிறுத்திவிட்டார். இந்தப் பிழைப்புக்கு எவன் பெண் கொடுப்பான்? முப்பத்தைந்து தாண்டியும் தனிக்கட்டை.

இதில் கொடுமை என்னவென்றால், பெங்களூர் ரோடு எங்கள் ஊர் ஓரமாகத்தான் போகிறது. ஒவ்வொரு டிரிப்பிலும் சொந்த ஊரைத் தாண்டித்தான் போவான். கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும், ஜிபிஎஸ்ஸில் பார்த்துவிட்டு ஓனர் போன் போடுவார். "அங்க இன்னாடா வேல உனுக்கு?" அதனால் என் மனைவி பிரியதர்ஷினி ரோட்டோரம் நின்று சோற்றுத் தூக்கை எட்டி எட்டிக் கொடுப்பாள். தம்பி ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு போய்விடுவான். மனுஷப் பிழைப்பா இது? தூ!

என் மகள் அபிக்குக் காது குத்த வேண்டியிருந்தது. எங்கள் வழக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். அப்பன் இல்லாவிட்டாலும் நடக்கும், மாமன் இல்லாவிட்டால் நடக்காது. ராமராஜன் என் மனைவிக்கு ஒரே தம்பி. இவன் வர முடியாமல் இரண்டு தடவை நாள் தள்ளிப்போனது. பங்காளிகள் வாய் சும்மா இருக்குமா? "மாமன் லாரிய வுட்டு எறங்க மாட்டானாமே" என்று கோயில் வாசலிலேயே சிரித்தார்கள். என் மனைவி அழுதாள். "என் தம்பி மடி இல்லன்னா என் பொண்ணு மூளிக் காதாவே இருக்கட்டும்" என்றாள்.

மூன்றாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். வெள்ளிக்கிழமையே ஒரகடம் வந்து சேர்ந்துவிட்டான். பைக்கில் வந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வர முடியாதாம். லோடு இறக்கும் கம்பெனி வாசலில் டோக்கன் போட்டு லாரிகளை வரிசையில் நிறுத்திவிடுவார்கள். மைக்கில் எப்போது நம்பரைக் கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிடும்போது வண்டியில் ஆள் இல்லாவிட்டால் வரிசையின் வாலுக்குத் தள்ளிவிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் போனில் அவன் குரல் உடைந்தது. "மன்னிச்சிக்க சொல்லு மாமா அக்காவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன் இல்லாவிட்டாலும் நடக்கும் அல்லவா? "நான் வந்து உன் வண்டியில குந்திக்கினு இருக்கறேன். நீ போய்ப் பிள்ளைய மடியில வெச்சிக்கோ" என்றேன்.

விடியும்போது போய்ச் சேர்ந்தேன். பார்க்கிங் என்று பெயர். சுற்றுச்சுவர் போட்ட சேறு. டீசல், ஊசிப்போன குழம்பு, மூத்திரம் மூன்றும் கலந்து அடித்த நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ராமராஜன் என் பைக் சாவியை வாங்கிக்கொண்டு பறந்தான். எனக்கு லாரி ஓட்டத் தெரியாததால், நம்பரைக் கூப்பிட்டால் வண்டியை உள்ளே விட, பக்கத்து லாரிக்காரர் தணிகாசலத்திடம் சொல்லிவைத்திருந்தான். நான் செருப்போடு கேபினில் ஏறப்போனேன். தணிகாசலம் அதட்டினார்.

"இன்னாபா, வூட்டுக்குள்ள செருப்போடவா போவ? கழட்டு."

கழற்றிவிட்டு ஏறினேன். சீட்டுக்குப் பின்னால் ஆள் நீளத்துக்கு ஒரு பலகை, அதுதான் கட்டில். தலைமாட்டில் அரிசி, மிளகாய்ப்பொடி, சின்ன கேஸ் அடுப்பு. கால்மாட்டில் மஞ்சளாக ஒரு தண்ணீர் பாட்டில். அது தண்ணீர் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை ஊதுவத்தி கொளுத்தினாலும் போகாத ஒரு புளித்த நெடி மெத்தையிலிருந்து கிளம்பி, என் சட்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. இதில் எப்படி ஒருவன் வாயில் சோறு வைப்பான்?

பாட்டில் எதற்கு, கக்கூஸ் இல்லையா என்று போய்ப் பார்த்தேன். இரண்டு இருந்தன. ஒன்று பூட்டியிருந்தது, வாட்ச்மேன்களுக்காம். இன்னொன்றில் முழங்கால் வரைக்கும் சொல்ல முடியாத அசிங்கம். குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. தொழில் புத்தி, பைப் போகிற வழியே போய்ப் பார்த்தேன். ரிப்பேர் ஒன்றும் இல்லை. டிரைவர்கள் குளித்துத் தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று வால்வை மூடிப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ சாக்கடையில் இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு வந்த அருவருப்பு ஒருநாளும் வந்ததில்லை. அது மலத்தைப் பார்த்து வந்ததல்ல.

திரும்பி வந்தால் வாட்ச்மேன் ஒருவன் சேற்று பூட்ஸோடு ராமராஜன் படுக்கைமேல் நின்று, அடுப்பை எடுத்துக்கொண்டிருந்தான். பார்க்கிங்கில் சமைக்கக் கூடாதாம்.

"பூட்ஸக் கழட்டிட்டு ஏறுபா. ஆளு படுக்கற எடம்" என்றேன்.

"ஏன், இது இன்னா வூடா?" என்று சிரித்துவிட்டு, அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

முகூர்த்த நேரத்தில் மனைவி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அபி மடியில குந்தவே மாட்டேங்குது. நாறுதாம். ஓங்கரிக்குது."

"குளிக்கலயா அவன்?"

"மூணு வாட்டி குளிச்சான். சீயக்கா போட்டு முதுக நானே தேச்சி வுட்டேன். புது வேட்டி, புதுச் சட்ட. அப்பவும் போவலயே! பங்காளிங்க வேற பார்த்துக்கினு இருக்கறாங்க."

"அவன் காதுல வுழுந்துச்சா?"

"தெரில. சிரிச்சிக்கினு குந்தினு இருக்கறான்."

போனை வைத்துவிட்டாள். என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கோபம் யார்மேல் என்றே தெரியாமல் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். ஹாரன் அலறி, தணிகாசலம் எட்டிப்பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன்.

"ஆச்சு. என் தலையில இருந்த மல்லியப் பிச்சி அவ மூக்குல வெச்சி அமுக்கிக்கினேன். மடியிலயே குத்தியாச்சு." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

மத்தியானம் ராமராஜன் பிரியாணித் தூக்கோடு வந்தான். நம்பரை இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை. அடுப்பு போனதைச் சொன்னேன், அவன் காதில் ஏறவேயில்லை. தணிகாசலத்தைக் கூப்பிட்டு போனில் போட்டோவைக் காட்டினான். அபி கண்ணை இறுக மூடியிருக்கிறாள். மூக்கின்மேல் கொத்தாக மல்லிப்பூ. பின்னால் இவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

"வலி தெரியாம இருக்கப் பூவா? நல்ல யோசனபா" என்றார் தணிகாசலம்.

"ஆமாண்ணா. ஊசி குத்தறப்போகூட அழுவல" என்றான்.

நல்லவேளை, இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியாக பைக் சாவியை வாங்கினேன். வண்டியைத் திருப்பும்போது அருகில் வந்தான். வந்தவன் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டான்.

"மாமா, அக்காகிட்ட சொல்லிடு. அடுத்த வாட்டி பாப்பாவப் பாக்க வரும்போது பூவ நானே வாங்கியாந்துர்றேன்."