மண்ணெண்ணெய்க் கொசுறு

மேலப்பாளையத்தில் ஞானையா கடை என்றால் மண்ணெண்ணெய்க் கடை என்றுதான் அர்த்தம். உப்பும் புளியும் மிளகாயும் இருக்கத்தான் செய்தன. ஆனால் தறிக்காரர்கள் விளக்குக்கு எண்ணெய் வாங்க வந்து, அப்படியே மற்றதையும் வாங்கிப் போனார்கள். தன்னைக் கஞ்சன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் வீம்பு உண்டு. குப்பியில் அளந்து ஊற்றியபின் ஒரு கரண்டி கொசுறு ஊற்றாமல் யாரையும் அனுப்பமாட்டார்.

தூத்துக்குடியிலிருந்து தகரம் தகரமாக எண்ணெய் அனுப்பும் ஏஜெண்டு, 1911-ல் ஒரு உத்தரவு போட்டார். தான் சொன்ன விலைக்குக் கீழே எந்தக் கடையும் விற்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய சரக்கு கடைக்காரனுடையது, விலை மட்டும் அவருடையதாம். வயிறு எரியாதா? ஞானையாவுக்கும் எரிந்தது. ஆனாலும் விலையில் கை வைக்கவில்லை, கொசுறையும் நிறுத்தவில்லை. விலை வேறு, கொசுறு வேறு என்று நினைத்தார். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒருநாள் ஏஜெண்டின் ஆள் சிவசண்முகம் வந்து உட்கார்ந்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன். அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"விலையக் குறைக்கல, சரி. அந்தக் கரண்டி என்னவே?"

"அது கொசுறுல்லா அய்யா. காய்கறிக்காரி கறிவேப்பிலை குடுக்க மாதிரி."

"அந்தக் கரண்டிக்காவ நாலு தெரு சனம் இங்கன வருது. மத்த கடைக்காரன் எங்ககிட்ட வந்து அழுதான்."

சிரித்தபடி எழுந்து போனார். அடுத்த முறை ரயிலடியிலிருந்து வந்த எண்ணெய் வண்டி ஞானையா கடையில் நிற்கவில்லை. அதற்கடுத்த முறையும் நிற்கவில்லை. பெரிய கடை ஹபீப் முகம்மதுவிடம் ஒரு தகரம் கேட்டுப் பார்த்தார்.

"ஒமக்குக் குடுத்தா எனக்கும் நிறுத்திருவான்வே," என்றவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "பைய போயிரும்."

எண்ணெய் இல்லாத கடைக்கு உப்பு வாங்கக்கூட ஆள் வரவில்லை. ஞானையா ஈ ஓட்டினார். மனைவி யூனிஸ், "கடைய மூடிட்டா எதத் திங்கது?" என்று கேட்டாள்.

சிவசண்முகம் மறுபடியும் வந்தார்.

"ஆசியா உம்மாளும் கரண்டி ஊத்துதாளான்னு பாக்கணும். எங்க ஆளு போனா அவ கண்டுக்கிடுவா. நீரு போய் ஒரு குப்பி வாங்கிட்டு வாரும், இங்கன அளந்து பாப்போம். ஒமக்கு நாளைக்கே சரக்கு வரும்."

ஆசியா உம்மாள் புருஷனை இழந்தவள். அதே ஏஜெண்டின் எண்ணெயை வீட்டு வாசலில் சில்லறையாக விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவள். கை இறுக்கம் என்று பெயர் எடுத்தவள். அவள் கொசுறு ஊற்றப்போவதில்லை, நம்மால் ஒரு கேடும் வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஞானையா போனார்.

அவள் சரியாக அளந்து ஊற்றினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கரண்டியை எடுத்தாள்.

"வேண்டாம்மா," என்றார் ஞானையா.

"இருக்கட்டும் அண்ணாச்சி. அவனுவளுக்குப் பயந்து நான் ஒருத்தருக்கும் ஊத்துறதில்ல. எண்ணெ வித்த வீட்டுல விளக்கு எரியலன்னு கேள்விப்பட்டேன், மனசு கேக்கல."

திரும்பும் வழியில் சாக்கடை ஓரம் நின்றார். ஒரு கரண்டியைச் சாய்த்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. மூடியில் கை வைத்தார். ஆள் வராத கடையும் யூனிஸ் முகமும் கண்ணில் வந்தன. கையை எடுத்துவிட்டார். அந்த நேரம் தன்னைத் தானே வெறுத்தார், ஆனாலும் நடந்தார்.

சிவசண்முகம் அளந்து பார்த்தார். ஒரு கரண்டி கூடுதலாக இருந்தது. சிரித்தபடி எழுந்து போனார்.

மறுநாள் வண்டி வந்து ஞானையா கடை முன்னால் நின்றது. அவருக்குரிய தகரங்களை இறக்கியபின் வண்டிக்காரன் கேட்டான்:

"அண்ணாச்சி, இனி ஆசியா உம்மாள் வீட்டுத் தகரத்தையும் இங்கனயே இறக்கச் சொன்னாவ. எங்க வைக்க?"

ஞானையா உள்ளே இடத்தைக் காட்டினார்.