மண்டிக்காரரிடம் மிஞ்சிய சொல்

என் தங்கை வீட்டுக்காரருக்குக் கீழ்பென்னாத்தூர் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளுக்கு ஏலம் கூவுவதுதான் வேலையாக இருந்தது. அந்தக் குரல் கேட்டால் தூங்கிக்கொண்டிருக்கும் லாரி டிரைவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். ஒரு நாள் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் மிஞ்சியது: "அதான்."

காபி வேண்டுமென்றால் "அதான்". சர்க்கரை கம்மி என்றாலும் "அதான்". டிவியில் செய்தி வாசிப்பவரைத் திட்டவும் அதுவேதான். ராகம் மட்டும் மாறும்.

எனக்குச் செங்கம் ரோட்டில் நாலு வாடகை அறைகள். அங்கே தங்கிப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் புத்தகங்களில் பாதி புரியாமல் படித்து வளர்ந்தது என் அறிவு. அப்படி வந்த ஒன்று மொழியைப் பற்றியது. ஒலிக்கும் பொருளுக்கும் பிறவி உறவு கிடையாது, ஊர்கூடி ஒப்புக்கொண்டதால்தான் மரம் 'மரம்' ஆயிற்று என்றது அது. நாய் கோபத்தைக் குரைத்துக் காட்டும், ஆனால் நேற்று வந்தவர் யார் என்று அதனால் சொல்ல முடியாது; அதற்கு மனிதப் பேச்சு வேண்டும் என்றும் சொன்னது. அதைப் படித்தபோது என் தங்கை மாப்பிள்ளை ஞாபகம்தான் வந்தது. கோபம், ஆசை, கிண்டல் எல்லாம் அவரிடம் இருந்தன. நேற்றும் நாளையும்தான் வெளியே வர வழியில்லாமல் உள்ளே கிடந்தன.

இந்த நிலையில் அவர் மகளுக்கு நிச்சயம் வந்தது. தட்டு மாற்றும்போது, "எங்க பொண்ண உங்க வீட்டுக்குக் குடுக்கறோம்" என்று பெண்ணைப் பெற்றவர் சபையில் மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சொன்னால்தான் கொடுத்ததாகக் கணக்கு.

"நான் சொல்லிடறேன், அண்ணன் பக்கத்துல உக்காந்தா போதும்" என்றார் என் மாப்பிள்ளையின் தம்பி.

"அப்பா இருக்கும்போது நீங்க ஏன் சித்தப்பா குடுக்கணும்?" என்றாள் பெண். "அப்பா குடுத்தாத்தான் நான் போறேன்."

தங்கை என்னைப் பார்த்தாள். "நீதான் புக்கு படிக்கிறியே, ஒரு வழி சொல்லேன்ணா."

எந்தப் புத்தகத்திலும் அதற்கு வழி இல்லை.

நிச்சயத்தன்று திருவண்ணாமலையில் ஒரு சின்ன மண்டபம். தட்டுகள் வந்தன. கல்யாணப் பையனின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு வீட்டுக்காரங்க வாயத் தொறந்து சொல்லணும்" என்றார்.

என் மாப்பிள்ளை இடது கையால் தட்டைத் தூக்கினார். "இடது கையாலயா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். தம்பி தட்டைப் பிடிக்கக் கை நீட்டினார். மாப்பிள்ளை முழங்கையால் ஒரு இடி கொடுத்து, "அதான்!" என்று சீறினார். கூட்டம் சிரித்துவிட்டது. அவர் முகம் சிவக்க வாயைத் திறந்து திறந்து மூடினார். உள்ளே அந்த வாக்கியம் முழுசாக நிற்பது எனக்குத் தெரிந்தது. தட்டிலிருந்து ஒரு ஆப்பிள் உருண்டு விழுந்தது. பெண் தலை நிமிரவே இல்லை.

அப்போது பையனின் அம்மா எழுந்து வந்தார். யாரையும் கேட்கவில்லை. நேராக அவர் எதிரில் உட்கார்ந்து, தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் குடுக்கறீங்களா?"

மாப்பிள்ளை அவரையே பார்த்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி, "அதான்" என்றார்.

அவரால் கட்ட முடியாத வாக்கியத்தை அந்த அம்மாள் கேள்வியாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். அவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். பேச்சு ஒருத்தர் வாயில் மட்டும் இருப்பதாக அதுவரை நினைத்திருந்தேன்.

"எங்க வீட்டுக்குக் குடுக்கறீங்களாண்ணே?"

"அதான்." இந்தத் தடவை மண்டிக் குரல், கொஞ்சம் கரகரப்போடு.

மூன்றாம் முறை, "உங்க பொண்ண..." என்று அந்த அம்மாள் தொடங்கும்போதே, "அதான், அதான்!" என்று மாப்பிள்ளை தட்டை அவர் மடிக்குத் தள்ளிவிட்டார். பெண் அழுதுகொண்டே அப்பாவின் வாயோரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

பெரியப்பாவுக்கு மட்டும் திருப்தியில்லை. "மூணாவது வாட்டி கேள்விய முடிக்கவே விடலயே, அது கணக்குல சேருமா?"

"சேரும் மாமா," என்றார் அந்த அம்மாள், தட்டை இறுகப் பிடித்தபடி. "நீங்க போய் எல போடச் சொல்லுங்க."