சிவப்புப் பெட்டியில் தொங்கிய பூட்டு

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் போனை எடுத்து நோண்டுகிற ஆள் நான். பிக்கரிங்கில் ஒரு பிறந்தநாள் வீட்டில் அங்கிள் ஒருவர் இப்படித்தான் தொடங்க, கொத்துரொட்டி ஆறப் போகிறது என்று எழும்பிப் போனவன். ஆகவே நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. நடந்ததைத் தாளில் எழுதி, அம்புக்குறி போட்டுப் பார்த்தும் எனக்கே கணக்கு வரவில்லை.

நகரசபையின் கழிவுநீர்ப் பகுதியில் பயிற்சிப் பொறியியலாளனாகச் சேர்ந்து அப்போது ஐந்து மாதம் மூன்று கிழமை. ஆறு மாதம் ஒழுங்காக முடித்தால்தான் வேலை நிரந்தரம். அதற்கு முந்திய இரண்டு வருடமும் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டு விண்ணப்பம் அனுப்பியவன், அதனால் யாரோடும் முகம் முறிக்காமல் இருந்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

நிலத்துக்குக் கீழே இருக்கிற கழிவுநீர்ப் பம்பைத் திறக்குமுன் மேலே மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சின் சாவியை ஒரு சிவப்புப் பெட்டிக்குள் வைப்போம். கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் பெயர் அட்டையோடு தன் சொந்தப் பூட்டை அந்தப் பெட்டியில் போடவேண்டும். பூட்டு தொங்கினால் அதற்குரிய ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவன் ஏறிவந்து தானே கழற்றும்வரை பெட்டியைத் திறக்க முடியாது. ஒருவனின் சாவி இன்னொருவனின் பூட்டுக்குப் போகாது.

அன்று ஸ்காபரோவில் பனி உருகிக் கழிவுநீர் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. பம்புக்குள் துணியும் ஈரத்தாளும் சிக்கி அடைத்துவிட்டது. என்னோடு வந்தவர் சிவா அண்ணை, அங்கே இருபது வருடமாக வேலை செய்கிறவர். தன் பூட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"உம்மட பூட்டு கிடக்குதுதானே தம்பி. பத்து நிமிசத்து வேலை, இதுக்குப் போய் மார்க்கத்தில இருக்கிற வீடு வரைக்கும் ஓடச் சொல்லுறீரோ?"

"ஓம் அண்ணை, பரவாயில்லை" என்றேன். வயதுக்கு மூத்த மனிதரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் பூட்டை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டு இரண்டு பேரும் கீழே இறங்கினோம்.

அண்ணை வலது கையைத் தோள்வரைக்கும் பம்புக்குள் விட்டு அடைப்பை இழுத்துக்கொண்டிருந்தார். நான் குறடு எடுக்க மேலே ஏறிய நேரம் கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது, நிரந்தரமாக்குகிற கடதாசியில் உடனே கையெழுத்து வேண்டுமாம். பழக்கதோஷத்தில் என் பூட்டை அட்டையோடு கழற்றிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். கந்தோரில் பேனையைத் தேடிப் பொக்கற்றுக்குள் கையை விட்டபோது விரலில் பூட்டு தட்டுப்பட்டது.

அண்ணையின் கை இன்னும் பம்புக்குள் இருக்கும். அவருடைய போனுக்கு அடித்தேன். நிலத்துக்குக் கீழே போன் எடுக்காது என்பது எனக்குத் தெரியும், என்றாலும் அடித்தேன். பம்பை மறுபடி ஓடவிட எலெக்ரீசியன் ஏற்கனவே போய்விட்டான் என்று அங்கே யாரோ சொன்னார்கள். பெட்டியில் பூட்டு இல்லையென்றால் அவன் சுவிட்சைப் போடுவான். போடத்தான் வேண்டும், அதுதான் அவன் வேலை. எப்படித் திரும்பிப் போனேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

கதவைத் திறந்தால், எலெக்ரீசியன் கெவின் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். இங்கே பிறந்த நம்முடைய தமிழ்ப் பெடியன்தான்.

"ப்ரோ, எங்க போனீங்கள்? உங்கட லொக் கிடக்கு, ருவென்ரி மினிட்ஸா வெயிட் பண்ணுறன்."

பெட்டியில் ஒரு பூட்டு தொங்கியது. அட்டையில் என் பெயர், என் கையெழுத்து. என் பூட்டோ பொக்கற்றுக்குள் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது. நான்கு தடவை தொட்டுப் பார்த்தேன்.

சிவா அண்ணை கையைத் துடைத்தபடி ஏறி வந்தார். கை முழுசாக இருந்தது. "முடிஞ்சுது தம்பி, கழட்டும்" என்றார். என் சாவியைப் போட்டேன், திறந்தது. உண்மையைச் சொன்னால் என் வேலையும் போகும், அண்ணையின் வேலையும் போகும் என்பது மட்டும்தான் அப்போது மண்டைக்குள் ஓடியது. இது யாருடைய பூட்டு, அவன் ஏறி வந்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

கெவின் சுவிட்சைப் போட்டான். பம்பு சுற்றத் தொடங்கி, எதிலோ மாட்டுப்பட்டதுபோல ஒரு தடவை அதிர்ந்தது, பிறகு ஒழுங்காக ஓடியது.

"ஏதோ மிச்சம் கிடந்திருக்கு, அரைச்சுப்போட்டுது" என்றார் அண்ணை.

வேலை நிரந்தரமாகிவிட்டது. அம்மா கோயிலில் அர்ச்சனை செய்வித்தா. எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. அன்று பின்னேரத்திலிருந்து என் வலது கை தோளிலிருந்து விரல்வரைக்கும் மரத்துப்போய்க் கிடக்கிறது. அசைகிறது, எழுதுகிறது, சூடு குளிர் மட்டும் தெரியாது. நரம்பு டொக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், படமும் எடுத்தார், எல்லாம் நோர்மல் என்றார்.

போன கிழமை சிவா அண்ணை எனக்குச் சுடச்சுட ஒரு கோப்பி வாங்கிவந்தார். அது என் வலது கையில் கொட்டியது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே நிற்க, அவர்தான் பதறிப்போய்த் துடைத்துவிட்டார்.

"என்ன தம்பி, கை இவ்வளவு விறைச்சுப்போய்க் கிடக்கு?"

"குளிர் அண்ணை" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். இது யூலை மாதம்.