ஒரு சொட்டும் சிந்தக்கூடாது

போன சனிக்கிழமை ஒரு மனிதர் பெற்றோலில் குளித்துவிட்டுத் தங்கையை வரவேற்க விமான நிலையத்துக்குப் போனார். பக்கத்து சீட்டில் நான் இருந்தேன்.

குளித்தார் என்பது கொஞ்சம் கூடத்தான். முழங்காலுக்குக் கீழே மட்டும். ஆனால் அந்தக் காருக்குள் எங்கள் லாசாலிலிருந்து விமான நிலையம் இருக்கும் டோர்வல் வரை நீங்களும் வந்திருந்தால் என்னுடன் சண்டைக்கு வரமாட்டீர்கள்.

ரவீந்திரன் என் அடுத்த கட்டடத்தில் குடியிருப்பவர். விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் கம்பெனியில் வேலை. ஐம்பதைத் தாண்டிவிட்டார். அவருடைய ஒரே தங்கை வாசுகி யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வருகிறார். இளைஞராக நாட்டை விட்டு வந்தவர் ரவீந்திரன். அதன் பிறகு அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. போன் உண்டு, வீடியோ உண்டு... பக்கத்தில் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்தது கிடையாது.

"நீரும் வாரும் ஐசே. தனியப் போக எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். மனைவி வீட்டில் சமையலில். ஆகவே நான்.

போகிற வழியில் பெற்றோல் அடிக்க நின்றோம். அங்கேதான் வினை.

ரவீந்திரன் பெற்றோல் அடிப்பதை நீங்கள் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்திருக்கிறோம். லாசாலில் எங்கள் வட்டத்தில் அது ஒரு பகிடி. தொட்டி நிரம்பியதும் பம்ப் 'டக்' என்று தானாக நிற்கும், இல்லையா? நமக்கெல்லாம் அத்துடன் வேலை முடிந்தது. அவருக்கு அப்போதுதான் தொடக்கம். இன்னொரு அமுக்கு... டக். மெல்ல இன்னொன்று... டக். பிறகு ரப்பர் குழாயைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிப்பார், உள்ளே மிச்சம் கிடப்பது வழிந்து இறங்கட்டும் என்று. தொட்டியின் வாயில் பம்ப்பின் மூக்கைத் தட்டுவார். காத்திருப்பார். பின்னால் நிற்கும் கார்க்காரர் ஹோர்ன் அடிப்பார். இவர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

"அதுதான் நிரம்பிட்டுதே, பேந்தும் ஏன்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குழாய்க்குள்ள கிடக்கிறதை ஏன் விடுவான்? ஒரு சொட்டும் சிந்தக்கூடாது."

கஞ்சத்தனம் என்று நினைத்தேன். ஆனால் கணக்கு இடித்தது. ரெஸ்டோரண்டில் பில் வந்தால் முதலில் நீளும் கை அவருடையது. பனி கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் காரையும் சேர்த்துத் துப்புரவாக்குகிற மனிதர். பெற்றோலில் மட்டும் என்ன வந்தது?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசிச் சொட்டுகளுக்கான போராட்டத்தில்தான் அவர் நிறையச் சிந்துவார். காரின் பக்கவாட்டில் ஒழுகும். நிலத்தில் விழும். மூடிக்குக் கீழே காரின் பெயின்ட்டே மங்கிவிட்டது. வீணாக்கக்கூடாது என்று வீணாக்குகிறவர்!

சனிக்கிழமை அவர் ஒரு நிலையில் இல்லை. தங்கை வருகிற பதற்றம். டக் என்று நின்ற பிறகு அவர் அமுக்கிய அமுக்கில் தொட்டி திருப்பித் துப்பியது. மனைவி காலையில் அயர்ன் பண்ணிக் கொடுத்த காற்சட்டை, புதுச் சப்பாத்து, நிலம் — எல்லாம் பெற்றோல்.

"முசியூ! முசியூ!" என்று உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் ஓடிவந்தார். கையில் ஒரு வாளி. பூனை வளர்ப்பவர்கள் பெட்டியில் போடுகிற மண் மாதிரி எதையோ நிலத்தில் தூவினார். கோபம் எதுவும் இல்லை. பரவாயில்லை, பரவாயில்லை என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டேதான் தூவினார்.

நான் சிரிக்கத் தயாராக ரவீந்திரனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் நிலத்தில் குந்தியிருந்தார். இரண்டு கைகளாலும் சிந்திய பெற்றோலைக் கூட்டிக் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அள்ளப் போகிறவர் போல. அந்தப் பெண் தூவிய மண்ணும் கையோடு வந்தது. அதையும் பொத்திப் பிடித்தார்.

"ரவி... எழும்பும்" என்றேன்.

எழுந்தார். முகத்தில் வெட்கம் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அது வெட்கம் இல்லை. பயந்துபோன முகம்.

வீட்டுக்குத் திரும்ப நேரமில்லை. விமானம் இறங்கிவிட்டது என்று போன் சொன்னது. விமான நிலையத்துக் கழிவறையில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். இப்போது பெற்றோலோடு சவர்க்காரமும் சேர்ந்து மணத்தது.

"உம்மட ஜீன்ஸைக் கழட்டித் தாரும்" என்றார்.

"தரலாம். உமக்கு அது முழங்கால் தாண்டாது" என்றேன். கொஞ்சம் சிரித்தார். அது போதும் என்று கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த விமான நிலையம் அவருக்கு வீடு மாதிரி. எந்தக் கதவு எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் தனக்கென்று ஒரு ஆள் வருகிற வாசலில் அன்றுதான் முதல் தடவையாக நிற்கிறார்.

வாசுகி வந்தார். மெல்லிய உருவம், பெரிய சூட்கேஸ், ஏப்ரல் மாதக் குளிருக்குக் கொஞ்சமும் போதாத ஒரு ஸ்வெட்டர். அண்ணனைக் கண்டதும் சூட்கேஸ் வண்டிலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார். ஆட்கள் விலகிப் போனார்கள். வண்டில் தன்பாட்டில் உருண்டது... நான் போய்ப் பிடித்தேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வாசுகி மூக்கைச் சுருக்கினார். அழுகையோடு சிரித்தார்.

"என்ன அண்ணா, பெற்றோல் மணக்குது?"

ரவீந்திரன் சிரிக்கவில்லை. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று நடந்தார்.

காரில் வாசுகி பின் சீட்டில். மணம் போகட்டும் என்று கண்ணாடிகளை இறக்கியிருந்தோம். நெடுஞ்சாலையில் வழக்கம் போல வீதி வேலை. செம்மஞ்சள் கூம்புகள், ஊர்கிற கார்கள். ரவீந்திரன் திடீரென்று வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

"வாசு... அண்டைக்கு நான் அந்தப் போத்திலைக் கவிழ்க்காட்டி ஐயா இருந்திருப்பார், என்ன?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னதில் விளங்கியதைச் சொல்கிறேன்.

போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம் அது. என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் வெறும் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் ஆகாது. சின்ன மருந்துப் போத்திலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். கார்பரேட்டருக்குள் நாலைந்து சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். அந்தப் போத்தில் அவ்வளவு பெறுமதி.

ஒருநாள் இவர்கள் ஐயா என்று கூப்பிடும் தகப்பனாருக்கு நெஞ்சு நோ. பக்கத்து வீட்டுக்காரரின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு ரவீந்திரன் ஓட்டினார். பின் சீட்டில் தகப்பன், தலை வாசுகியின் மடியில். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் கார் நின்றுவிட்டது. ரவீந்திரன் இறங்கி பொனெட்டைத் திறந்தார். போத்திலை எடுத்தார். அவசரமாக மூடியைத் திருகினார். போத்தில் நழுவி நிலத்தில் கவிழ்ந்தது. புழுதி வீதி... ஒரு நொடியில் குடித்துவிட்டது.

பிறகு யாரோ ஒரு டிராக்டரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் கையை விரித்துவிட்டார்.

ரவீந்திரன் கேட்ட கேள்வி இதுதான். தான் சிந்திய அந்தச் சொட்டுகள் இருந்திருந்தால் ஐயா பிழைத்திருப்பார், இல்லையா?

வாசுகி பின் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

"அண்ணா, நீங்கள் என்ன கதைக்கிறியள்?"

"உண்மையைத்தானே கேக்கிறன்."

"கார் நிக்க முன்னமே ஐயா போயிட்டார் அண்ணா."

"என்ன?"

"தலை என்ர மடியிலதானே கிடந்தது. சந்தி தாண்டேக்க ஒருக்கா மூச்சை இழுத்தார். பேந்து இழுக்கேல்லை. கையைப் பிடிச்சுப் பாத்தன், கண்ணைப் பாத்தன். எனக்குத் தெரிஞ்சிட்டுது. அதுக்குப் பிறகுதான் கார் நிண்டது."

"ஏன்... ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் நிலத்தில இருந்து அந்த ஈர மண்ணை அள்ளி அள்ளிப் போத்திலுக்குள்ள பிழிஞ்சு கொண்டிருந்தியள். எனக்கு வாயே வரேல்லை. பேந்து டொக்டர் எல்லாருக்கும் சொன்னார்தானே, எல்லாம் தெரியும்தானே எண்டு இருந்திட்டன். நீங்கள் இவ்வளவு காலமும் இதைச் சுமந்துகொண்டு திரியிறியள் எண்டு ஆர் எனக்குச் சொன்னது? ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

ரவீந்திரன் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, இங்கே தெப்பனேர் என்று சொல்கிற ஒரு சின்னப் பலசரக்குக் கடைக்கு முன்னால் காரை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின.

இப்படியான நேரத்தில் மூன்றாவது ஆளுக்குக் காருக்குள் என்ன வேலை? தண்ணீர் வாங்குகிற சாட்டில் கடைக்குள் போனேன். வேண்டுமென்றே மெதுவாகத் தண்ணீர் தேடினேன். கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கும் வரை தேடினேன்.

வெளியே வந்தபோது வாசுகி என் இடத்தில், முன் சீட்டில் இருந்தார். சேலைத் தலைப்பால் அண்ணனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி... கொஞ்சம் அழுத்தி.

நான் பின்னால் ஏறினேன். வாசுகி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்ச எல்லாரும் இப்பிடிக் கண்ணாடியை இறக்கிப் போட்டோ கார் ஓடுறவை? எனக்கு விறைக்குது."

மூன்று பேரும் சிரித்தோம். அவர் பல் கிடுகிடுக்கச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன். ரவீந்திரனின் மனைவி என்னைக் குசினிப் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கலியாணம் கட்டின நாளில இருந்து இவர் தன்ர ஐயாவைப் பற்றி வாய் திறந்ததில்லை. நான் ஏதோ தகப்பனோட கோபம் எண்டு நினைச்சன். ராத்திரி முழுக்க ஐயா கதைதான்."

ஹோலில் கதை இன்னும் முடியவில்லை. தகப்பனார் சைக்கிளில் விழுந்த கதை, வாத்தியாரோடு சண்டை பிடித்த கதை, உப்புப் போடாமல் கறி வைத்த கதை. ரவீந்திரனின் மகள் பிரெஞ்சில் கேள்வி கேட்க, அத்தை தமிழில் பதில் சொல்ல, நடுவில் ரவீந்திரன் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்த இடங்களில் மொழிபெயர்ப்பு நின்றுபோனது.

வாசுகி திரும்பிப் போகும்போது தானும் கூடவே ஊருக்குப் போவதாக ரவீந்திரன் சொன்னார். இத்தனை வருடமும் ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தால், இவர்கள் பேசாமல் இருந்தவர்கள் இல்லை. வாரா வாரம் போன். என்ன சமைத்தாய், மழையா, பனியா, பிள்ளைகள் சுகமா... எல்லாம் பேசினார்கள். ஒருவர் தனக்குத் தெரிந்தது அண்ணனுக்கும் தெரியும் என்று நினைத்தார். மற்றவர் கேட்டால் தன் குற்றம் உறுதியாகிவிடும் என்று பயந்தார். யாரைக் குறை சொல்வது? அன்பில்லாதவர்களா? அன்புதான் வாயைக் கட்டிப்போட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி கிடக்கக்கூடும். யாரோ ஒருவர் பதிலை மடியில் வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். கேட்டுவிடுங்கள். நேருக்கு நேர் கேட்க முடியவில்லையா? காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

வீதியைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம்... முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை!