கேட்கும் முன்பே உடைத்த முட்டை

பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையில் நான் ரொட்டி போடுபவன். தினமும் வருபவர்களின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றதுமே, அவர்களுடைய முட்டை ரொட்டிக்கு முட்டையை உடைத்துவிடுவேன். அதனால் கூட்டம் தேங்காது.

தைப்பூச விரதம் தொடங்கிய காலையில் அந்த ரொட்டிகள் வீணாயின. விரதமிருந்த பலர் முட்டையை விட்டுத் தோசை கேட்டார்கள்.

“இனிமே ஆர்டர் வந்தாத்தான் முட்டையத் தொடணும்,” என்றார் முதலாளி. கூச்சத்தில் தலையாட்டினேன். மறுநாள் வரிசை நீண்டு, சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

வரிசையில் நின்ற ஒருவர் கம்ப்யூட்டர் சிப் வடிவமைப்பவர். தாமதம் ஏன் என்று அவர் கேட்க, நடந்ததைச் சொன்னேன். “அண்ணே, சிப்புக்குள்ளயும் வேலை இப்படித்தான் வரிசையா ஓடும். அடுத்தது என்னன்னு கெஸ் பண்ணி முன்னாடியே ஆரம்பிச்சிடும். தப்புனா தூக்கிப் போட்டுட்டு மறுபடி செய்யும். அதுக்காக கெஸ் பண்றத நிறுத்த மாட்டோம் லா. இன்னும் நல்லா கெஸ் பண்ண வைப்போம்,” என்றார்.

ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்ட எனக்கு அது உடனே புரிந்தது. நானாகவே முதலாளியிடம் போனேன். “பாஸ், விரதக்காரங்க கழுத்துல மாலை இருக்கும். அது இல்லாதவங்களுக்கு மட்டும் முன்னாடியே உடைக்கிறேன்.”

“தப்புனா?”

“அந்த ரொட்டிய நானே சாப்பிட்டுடுறேன்.”

முதலாளி சிரித்துக்கொண்டே சரி என்றார். அடுத்த நாள் நான் சாப்பிட்டது ஒரே ஒரு ரொட்டி. அந்த ஆள் மாலையைச் சட்டைக்குள் விட்டிருந்தார்.