தேசப்பன் வரிசையில் நின்ற நாற்பது நாள்

எங்க வூட்டுக்காரர் தேசப்பனுக்கு இப்பல்லாம் உக்காரத் தெரியல. இதோ பாருங்க, வாசலுக்கும் கரைக்கும் நடந்துகிட்டே கெடக்காரு. ஏரில தண்ணி ஏறுதான்னு பாக்கறாராம். ஏறினா நமக்கு இன்னா? இன்னிக்கு எங்க பாடே இல்ல.

பாடுன்னா எங்க கோட்டைக்குப்பத்துல முறை. எறா நல்லா வுழுற எடம் கொஞ்சம், வலை வச்சிருக்கறவங்க நெறைய. அதனால சீட்டுப் போட்டு, இன்னிக்கு ஒனக்கு, நாளைக்கு எனக்குன்னு பிரிச்சுக்குவோம். யாரும் முந்தக் கூடாது. முறையப் பத்தி வெளிய போலீசு கிலீசுன்னு போனா, போனவனுக்குப் பாடு கெடையாது. பதினெட்டு வருசமா அந்தச் சீட்ட எடுத்துப் பேர் சொன்னது இவருதான். அவங்க நைனா செத்த அன்னிக்கு இவரோட பாடு. கூட வலை போடற நாகப்பன் வந்து, "என் நாள எடுத்துக்கோ, நான் மாத்திக்கறேன்"னாரு. "முறைன்னா முறைதான், போனது போச்சு"ன்னு வுட்டுட்டாரு இவரு. அன்னிக்கு எனக்கு அவ்ளோ பெருமை. இப்ப அந்தப் பெருமையத் தூக்கி அடுப்புல போடலாமான்னு இருக்கு.

ஐஸ் வண்டி வின்சென்ட்தான் ஆரம்பிச்சு வச்சாரு. போன்ல 'அலைகாயின்'னு ஒரு ஆப். கிரிப்டோவாம். கண்ணுக்குத் தெரியாத காசாம், ரெண்டே மாசத்துல டபுளாம். "நல்லதுன்னா அவனே வச்சுக்காம நமக்கு எதுக்குத் தர்றான்?"னு கேட்டேன். இவரு அஞ்சாயிரம் போட்டு, பத்தே நாள்ல ஆறாயிரத்து ஐநூறா எடுத்துக் கைல வச்சாரு. என் வாய் மூடிக்கிச்சு. அந்தக் காசுலதான் மிக்சி வாங்கினேன், பொய் சொல்ல மாட்டேன்.

பக்கத்து வூட்டு அமுதவல்லிக்கு அந்த மிக்சி சத்தம் கேட்டுது. அவ புருசன் ரமேஷ் போன மழைல முகத்துவாரத்துல படகு கவுந்து செத்துட்டான். அதுக்கு கவர்மெண்டு குடுத்த ரெண்டு லட்சம் பேங்குல இருந்துச்சு. பொண்ணு பானுப்ரியாவ நர்சிங் சேக்கணும்னு வச்சிருந்தா. "அது நல்லதாண்ணா?"ன்னு இவருகிட்ட வந்து கேட்டா. "நானே எடுத்தேன்மா, நீயும் எடுப்ப"ன்னாரு. திங்கக்கிழமை ரெண்டு லட்சத்தையும் ஆப்ல காட்டின அக்கவுண்டுக்கு அனுப்பிட்டா. படகு இன்ஜினுக்குச் சேத்த எண்பதாயிரத்த இவரும் அன்னிக்கே போட்டாரு.

செவ்வாக்கிழமை விடிஞ்சதும் அமுதா வாசல்ல நிக்கறா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. "தூக்கம் வரலண்ணா. எனக்கு லாபமே வேணாம், போட்டத எடுத்துக் குடுங்க." இவரு அவ போன வாங்கி அழுத்தினாரு. பணம் வரல, எழுத்துதான் வந்துச்சு. நெறைய பேர் காத்திருக்காங்களாம், இவளுக்கு வரிசை எண் 4118. புகார் குடுத்தா கடைசிக்குத் தள்ளிடுவாங்களாம்.

"அண்ணா, இது ஏமாத்து வேல. இப்பவே போலீசுக்குப் போலாம்"னா.

"திருடன் எங்கயாவது முறை வப்பானா? வரிசைன்னு ஒண்ணு வச்சிருக்கான்னா ஒழுங்கா நடத்தறான்னு அர்த்தம். வெளிய போய்ப் பேசி உள்ளதையும் கெடுத்துக்காத. நில்லு"ன்னாரு.

பாடு முறைலயே பொறந்து வளந்த மனுசனுக்கு அப்டித்தான் தோணும். எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு. "அண்ணன் சொல்றாருல்ல, இரு"ன்னு நானும் சேந்து சொன்னேன்.

அமுதா கணக்கத் தன் போன்லயும் தொறந்து வச்சுக்கிட்டாரு. நம்பர் இறங்கிச்சு. 3960. 3102. கரித்துண்டால சுவத்துல எழுதி வச்சாரு. சோத்துல கைய வச்சிட்டு எழுந்து போய் போனப் பாப்பாரு. கூழ்க் குண்டான் வழிஞ்சாலும் தெரியாது, ஆனா நம்பர் தெரியும். அமுதா தெனம் வேலிகிட்ட வந்து, "இன்னிக்கு எவ்ளோண்ணா?"ன்னு கேப்பா. காலேஜ்ல பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குது, நம்பரும் நெருங்குது. 800. 95. கடைசி நாளுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது 9. அன்னிக்கு அவ முகத்துல சிரிப்பப் பாத்தேன், ரமேஷ் போனப்புறம் மொதத் தடவையா.

நாப்பதாம் நாள் காலைல போனத் தொறந்தா 4118.

என்னைக் கூப்ட்டாரு. "மனோ, வரிசை பின்னால போவுமாடி?" அந்தக் கொரல அவங்க நைனா செத்த அன்னிக்குக்கூட நான் கேக்கல.

மூணு பேரும் பஸ்ஸேறி பொன்னேரிக்குப் போனோம். அங்க ஒரு போலீஸ்காரம்மா எல்லாத்தையும் பொறுமையா எழுதிக்கிச்சு. தேதியப் பாத்துட்டுப் பேனாவக் கீழ வச்சிச்சு. "செவ்வாக்கிழமையே சந்தேகம் வந்துதுன்றீங்க. அன்னிக்கே சொல்லிருந்தா அந்த அக்கவுண்ட முடக்கப் பாத்திருக்கலாம். இப்ப அதுல ஒண்ணும் இருக்காது. நாப்பது நாள் இன்னா பண்ணீங்க?"

"வரிசைல நின்னோம் மேடம்"னாரு இவரு.

திரும்பி வர்ற பஸ்ஸுல சீட்டெல்லாம் காலி. இவரு கம்பியப் புடிச்சு நின்னுகிட்டே வந்தாரு. அமுதா ஜன்னலப் பாத்துகிட்டே வந்தா. எனக்கு அவ பக்கத்துல உக்கார மூஞ்சி இல்ல, பின்னால போய் உக்காந்தேன்.

மறுநாளே சீட்டு டப்பாவ நாகப்பன்கிட்ட குடுத்துட்டாரு. அந்த வாரத்துல இவரு பாடு வந்துச்சு. கடவுளுக்கு இன்னா வெளையாட்டோ, பதினோரு கிலோ எறா, ஒவ்வொண்ணும் வெரல் மொத்தத்துக்கு. எங்க வூட்லயும் இன்ஜின் காசு போயிடுச்சு, கடன்காரன் வாசல்ல நிக்கறான். இவரு ஒரு கிலோகூட எடுத்து வைக்காம கூடையோட அமுதா வூட்டுக்குப் போனாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனாலும் தடுக்காம பின்னாலயே போனேன்.

"இனிமே என் பாடெல்லாம் ஒனக்குத்தாம்மா. ரெண்டு லட்சம் தீர்ற வரைக்கும்"னாரு.

அமுதா கூடையப் பாத்தா. அப்புறம் இவரப் பாத்தா. கத்தல, அழல.

"எறா இன்னிக்கில்லன்னா நாளைக்கு வரும்ணா. எனக்கு அந்தச் செவ்வாக்கிழமையக் குடுங்க."

இவரு கூடைய ஏந்தினபடியே நின்னாரு. எறா துள்ளி மண்ணுல வுழுது, குனிஞ்சு எடுக்கக்கூட இல்ல. கடைசில அவளே கை நீட்டிக் கூடைய வாங்கிக்கிட்டா. வாங்காம இன்னா பண்ணுவா? பானுப்ரியா இப்ப பொன்னேரில துணிக்கடைக்கு வேலைக்குப் போறா, காலைல பஸ்ஸுக்குக் காசு வேணும்.

மறுநாள் விடிஞ்சு பாத்தா, காலிக் கூடை கழுவி எங்க வாசல்ல இருந்துச்சு. வச்சவ என்னைக் கூப்புடல.