கூடத்துக்குள் செருப்பு

நாலு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் சம்பந்தியம்மா வந்திருந்தார். என் மகளைக் கொடுத்த இடம். அவிநாசிப் பக்கம் பெரிய தோட்டம். பேத்தியின் காதுகுத்துக்கு நாள் குறிப்பதைப் பற்றிப் பேச வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றினார், காலைக் கழுவினார், உள்ளே வந்தார். நான் கூடத்தில் கைகூப்பி நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

என் காலில் செருப்பு இருந்தது.

"ஏனுங்க சம்பந்தி... வெளிய கெளம்பீட்டீங்களாக்கு? நா வேணா இன்னொரு நாளைக்கு வாரேனுங்க."

எங்கள் ஊர்ப்பக்கம் திட்டுவது இப்படித்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' இருக்கும். உள்ளே ஊசி இருக்கும்.

"அய்யோ, இல்லீங்க... உக்காருங்க" என்றேன். அடுத்த நொடி என் செருப்பு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம். காபி, பலகாரம், சாப்பாடு, வெற்றிலைத் தட்டு... மகன் ஆசைப்பட்டுப் போட்ட மார்பிள் தரையில் வெறுங்காலோடு நடந்துகொண்டே இருந்தேன். சம்பந்தியம்மா சந்தோஷமாகத்தான் கிளம்பினார்.

மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கியபோது, யாரோ தரையில் ஆணியை நட்டு வைத்திருந்தது போல இருந்தது. ஐந்து வாரம் கஷ்டப்பட்டுத் துரத்திய வலி, மூன்று மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது!

நான் டென்னிஸ் ஆடுகிறவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வயது அறுபத்து மூன்று. படிப்பு மூன்றாம் வகுப்பு. பிறந்தது சோமனூர்ப் பக்கம். மோட்டார் பம்பு செய்து நாலு காசு பார்த்த என் வீட்டுக்காரர், எனக்கு ஐம்பத்தொன்று நடக்கும்போது ஒரு கிளப்பில் மெம்பர் ஆனார். அவர் நேராகச் சீட்டாட்ட மேசைக்குப் போய்விட்டார். நான் எங்கே போவது? பெண்கள் எல்லாம் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அடுத்தவர் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் மருமகளைப் பற்றிப் பேசவே நேரம் போதாது. எழுந்து போய் மட்டையைப் பிடித்தேன். பன்னிரண்டு வருடமாயிற்று. புடவையை இழுத்துச் செருகி, கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினால், வலைக்குப் பக்கத்தில் என்னைத் தாண்டிப் பந்து போவது அத்தனை சுலபமில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் ஜோடி பல்கீஸ். டவுன்ஹால் பக்கம் அவள் வீட்டுக்காரருக்குப் பாத்திரக்கடை. என்னைவிடப் பத்து வயது இளையவள். தலையில் துணியைப் பின் குத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தால் மைதானமே அவளுடையதுதான். அவள் பின்னால் ஓடுவாள், நான் முன்னால் மறிப்பேன். ஏழு வருடமாக இதுதான் எங்கள் ஏற்பாடு.

தை மாதக் கடைசியில் இடது குதிகால் பேச ஆரம்பித்தது. விடியற்காலையில் முதல் அடி வைத்தால் உயிர் போகும். பத்து அடி நடந்தால் சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று நான் ஆடப் போய்விடுவேன். மறுநாள் காலையில் இன்னும் கொஞ்சம் அதிகமாக முறுக்கிக்கொண்டு நிற்கும்.

"உங்க காலு புது மாப்பிள்ளை மாதிரிக்கா. விடிஞ்சா முறுக்கிக்கும், பலகாரத்தைக் கண்டா சமாதானமாயிடும்" என்றாள் பல்கீஸ்.

சிரித்தேன். சிரித்தபடியே ஒரு மாதம் ஆடினேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். பிறகு சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் எருக்க இலையை வைத்து, குதிகாலால் மிதித்தேன். சுகமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும்! ஒரு நாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"ஏம்புள்ள, காலு போச்சுன்னா பந்து வந்து உனக்குச் சோறாக்கிப் போடுமா?"

"நீங்க ஆக்கிப் போடுங்க. சீட்டுக் கலைக்கற கைதான?"

அதற்குப் பிறகுதான் காந்திபுரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். உள்ளே போகும்போதே எனக்குத் தெரியும், என்ன சொல்லப்போகிறார் என்று. இந்த வயதில் டென்னிஸா என்பார். கோயிலைச் சுற்றி நடங்கள் போதும் என்பார். அதற்குப் பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. குதிகாலை அழுத்திப் பார்த்தார். "இங்கீங்களா?" என்றார். நான் கத்தியதே பதில். சீட்டில் ஏதோ இங்கிலீஷில் நீளமாக எழுதினார்.

"எழுதறத எழுதுங்க. எனக்குப் புரியற மாதிரி வாயில சொல்லிப்போடுங்க" என்றேன்.

பொறுமையான மனிதர். சொன்னார். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடியில் ஒரு பட்டை இருக்கிறதாம். நாடாக் கட்டிலில் நாடா இழுத்துக் கட்டியிருப்பது போல. ஓடி ஓடி, குதித்துக் குதித்து, அது குதிகாலில் சேருகிற இடத்தில் புண்பட்டுவிட்டது. ராத்திரி சும்மா கிடக்கும்போது சுருங்கிக்கொள்கிறது. காலையில் நாம் ஒரே மிதியாக மிதித்து இழுக்கிறோம். அதுதான் அந்த ஆணி.

"ஆட்டமுங்க?" என்றேன்.

"ஆறு வாரத்துக்கு ஆட்டம் வேண்டாமுங்க. அப்பறம் மெதுவா ஆரம்பிக்கலாம். ஆனா வெறுங்கால் ஆயுசுக்கும் வேண்டாமுங்க. ஊட்டுக்குள்ளயும் செருப்புப் போட்டுட்டுத்தான் நடக்கோணும்."

எனக்கு அடி எங்கே விழுந்தது, பாருங்கள்! ஆட்டத்தைப் பிடுங்குவார் என்று பயந்து போனேன். அவர் ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்காலைப் பிடுங்கிக்கொண்டார். வீட்டுக்குள் செருப்பா? சமையல்கட்டிலா? நாற்பது வருடமாக, வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒரு ஆளை உள்ளே விட்டவள் இல்லை நான். கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவரைக்கூட விட்டதில்லை.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "ஆடற அன்னைக்கு வலிக்காதுங்கம்மா. மறுநா காலைல மொத அடி வெப்பீங்க பாருங்க, அதுதான் தீர்ப்பு. அது நல்லாயிருந்துதுன்னா ஆடலாம். மறுபடி மறுபடி குத்துச்சுன்னா மட்டையப் பரண்ல போட்டுருங்க."

பரணாவது! அன்றைக்கே கால் நோவுக்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி வாங்கினேன். ஒன்று வெளியே. ஒன்று வீட்டுக்கு. வீட்டுச் செருப்பின் வாரில் சிவப்பு நூல் சுற்றி வைத்தேன், யாரும் மறந்து வாசலுக்குப் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்று. பூஜை அறை வாசலில் மட்டும் அதைக் கழற்றுவேன். அங்கே பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் நின்று விளக்கேற்றினேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் பாதத்தில் துண்டைக் கோத்து என் பக்கம் இழுப்பேன். டிவி பார்க்கும்போது, மயிர் உதிர்ந்த பழைய பந்தைப் பாதத்துக்கு அடியில் உருட்டுவேன். சாயங்காலம் சிறுவாணித் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து ஃப்ரீசரில் கட்டியாக்கி, அதன்மேல் காலை வைத்துக்கொள்வேன். இப்படி ஐந்து வாரம். ஆணி ஊசியாயிற்று. ஊசி முள்ளாயிற்று. முள்ளும் மழுங்கி வந்த நேரத்தில்தான் சம்பந்தியம்மா வந்தார். நானும் என் கௌரவத்துக்காகச் செருப்பை ஒளித்தேன்.

அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன்.

டாக்டரிடம் மறுபடி போய் நின்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இன்னும் மூன்று வாரம் என்றார். கிளப்பில் வருஷாந்தரப் போட்டி மூன்று வாரத்தில். அன்று சாயங்காலம் பல்கீஸ் போன் செய்தாள்.

"அக்கா, சனிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கணுமாம். பேங்க் ஆபீசர் அம்மா ஜோடி தேடுறாங்க. என்னையக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அக்காவக் கேட்டுச் சொல்றேன்னேன். வேற ஆளோட ஆட எனக்குப் பிடிக்கலக்கா. ஆனா நீங்க ஆடி, காலு முழுசாப் போச்சுன்னா, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நெசத்தச் சொல்லுங்க... முடியுமா?"

இந்த வருடம் அவள் வேறு ஜோடி போட்டால் அடுத்த வருடமும் அதே ஜோடிதான். அறுபத்து நாலு வயதுக்காரியை யார் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள்? என் ஆட்டம் அந்தச் சனிக்கிழமையோடு முடிந்துவிடும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"பேர் குடு" என்றேன்.

அடுத்த புதன்கிழமை, காதுகுத்துச் சீர் பற்றிப் பேச சம்பந்தியம்மா மறுபடி வந்தார். கூடத்தில் கைகூப்பி நின்றேன். செருப்போடு.

"இன்னைக்கும் கெளம்பீட்டீங்களாக்கு?"

"இல்லீங்க சம்பந்தி. இது ஊட்டுச் செருப்புங்க. வாசப்படி தாண்டுனதே இல்ல. குதிகால் நோவு. போன தடவ உங்களுக்காகக் கழட்டுனேன். ஒரு வாரம் சொவுத்தப் புடிச்சிட்டு நடந்தனுங்க. இனிமேக் கழட்ட மாட்டேன். மரியாதைக் கொறவுன்னு மட்டும் நெனச்சுப்போடாதீங்க."

அவர் உட்காரவில்லை. "சாமி ரூமுக்குங்களா?"

"அங்க கழட்டிப்போடுவனுங்க. ஜமக்காளம் விரிச்சிருக்கறேன், பாருங்க."

போய்ப் பார்த்தார்! நிஜமாகவே பூஜை அறை வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நோவுன்னா படுத்துக்கறதுங்க. பந்தாடப் போறீங்களாமா?"

"ஆமாங்க."

"இந்த வயசுல அது வேணுமாங்க?"

"வேணுமுங்க."

எங்கள் பக்கம் ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் கோபம் என்று அர்த்தம். எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கேள்விக்கு வேறு பதில் இல்லை, அவ்வளவுதான். அவர் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். சர்க்கரை கம்மி என்றார். சீர்த்தட்டு எத்தனை என்று முடிவு செய்தோம். கிளம்பிவிட்டார். மனது ஆறிவிட்டது என்று நினைக்க நான் என்ன ஏமாளியா? காதுகுத்தன்று நாலு பேரிடம் என் செருப்பைப் பற்றிச் சொல்லத்தான் போகிறார். சொல்லட்டும்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. பெரியவர்களைக் கண்டால் காலில் விழுகிறோம். மாப்பிள்ளைக்குக் கால் கழுவி விடுகிறோம். சாமிக்குப் பாதபூஜை செய்கிறோம். சொந்தக் காலை என்றைக்காவது திருப்பிப் பார்த்திருக்கிறோமா? தரை அழுக்காகக் கூடாது என்பதற்கு ஆயிரம் சட்டம். அந்தத் தரையில் முப்பது, நாற்பது வருடம் நின்றே சமைக்கிற காலுக்கு ஒரு சட்டமும் இல்லை. எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் விடியற்காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போகிறார்கள்! கேட்டால், "வயசாச்சு, அப்படித்தான்" என்பார்கள். வயது அப்படிச் செய்வதில்லை, அம்மணிகளே. வெறுங்காலும் வீம்பும் சேர்ந்து செய்கின்றன.

போன வெள்ளிக்கிழமை போட்டி. ஷூவுக்குள் குதிகாலுக்கு ரப்பர்த் திண்டு வைத்து, கெண்டைக்காலை நன்றாக இழுத்துவிட்டு இறங்கினேன். எதிரில் அந்த பேங்க் ஆபீசர் அம்மாவும் ஒரு டாக்டர் வீட்டம்மாவும். நான் பின்னால் ஓட மாட்டேன் என்பதை மூன்றாவது கேமிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எல்லாப் பந்தும் என் தலைக்கு மேலே!

"விடுங்கக்கா, என்னுது, என்னுது!" என்று கத்திக்கொண்டே பல்கீஸ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். எனக்கும் ஓடக் கால் துடித்தது. ஓடவில்லை. பழைய நானாக இருந்தால் ஓடியிருப்பேன். வலையோடு நின்று, தாழ்வாக வந்ததையெல்லாம் மறித்து அடித்தேன். நாலுக்கு நாலு வரை இழுத்தோம். பிறகு நாலுக்கு ஐந்து. கடைசி கேமில் பல்கீஸுக்கு மூச்சு வாங்கிவிட்டது. முதல் சர்வீஸ் வலையில் விழுந்தது, இரண்டாவது வாய்ப்பும் வலையிலேயே விழுந்தது. ஆறுக்கு நாலில் தோற்றோம்.

தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. தீர்ப்பு மறுநாள் காலையில் அல்லவா?

சனிக்கிழமை விடிந்தது. துண்டைப் போட்டுப் பாதத்தை இழுத்தேன். பத்து தடவை. இன்னும் பத்து. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் ஒரே பக்கத்தைத்தான் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலைக் கீழே வைத்தேன். எடையை இறக்கினேன்.

ஒரு சின்ன இழுப்பு. அவ்வளவுதான். ஆணி இல்லை. ஜன்னல் வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காபி போடப் போனார்.

ஆறரைக்கு போன் அடித்தது. பல்கீஸ்.

"அக்கா... காலு எப்படியிருக்கு?"

"காலு கெடக்குது போ. அந்த ரெண்டாவது சர்வீஸ எப்பப் பழகப் போற?"